தொண்டை வலிக்கு வீட்டிலேயே கஷாயம்: புதுச்சேரிக்கும் கடலூருக்கும் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி மழை தொடங்கி மார்கழிப் பனி விலகும்வரை இந்தக் கடலோரத்தில் தொண்டை கட்டாத வீடு அரிது. வேலைக்காகவோ படிப்புக்காகவோ புதிதாக வந்து, லாசுப்பேட்டையிலோ காலாப்பட்டிலோ மஞ்சக்குப்பத்திலோ அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு அந்தத் தொந்தரவு வரும்போது கை மருந்து வைத்துத் தரப் பக்கத்தில் பெரியவர்கள் இருப்பதில்லை. கைப்பேசியில் தேடினால் ஒரே கஷாயத்துக்குப் பத்து விதமான செய்முறைகள் கிடைக்கின்றன. எந்தச் சரக்கு எவ்வளவு என்பதும், எத்தனை நாள் குடிக்கலாம் என்பதும், யார் குடிக்கக் கூடாது என்பதும் அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. எச்சில் விழுங்கவே சிரமப்படும் நிலையில் கடை கடையாக அலைந்து, ஆளுக்கொரு யோசனை கேட்டுக் குழம்பித் தெரிந்துகொண்டவற்றை உங்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ் தொற்றால் வருவது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானாகவே தணிந்துவிடும். கஷாயமும் உப்பு நீரும் அந்த வைரஸை ஒழிப்பதில்லை. வலியையும் கரகரப்பையும் குறைத்து, சாப்பிடவும் தூங்கவும் முடிகிற அளவுக்கு அந்த ஒரு வாரத்தைக் கடத்த உதவுகின்றன. இதைப் புரிந்துகொண்டு தொடங்குபவர்தான் அளவோடு குடிப்பார், நாள் பார்த்து நிறுத்துவார், மருத்துவரிடம் போக வேண்டிய நேரத்தில் போவார்.

1. அடுப்பைப் பற்றவைக்கும் முன் தொண்டையைப் பாருங்கள்

கண்ணாடி முன் நின்று, வாயை அகலத் திறந்து, கைப்பேசி விளக்கை உள்ளே அடித்து, 'ஆ' என்று சொல்லிக்கொண்டே பாருங்கள். உள்நாக்கும் அதன் இருபுறமும் உள்ள சதைகளும் லேசாகச் சிவந்திருந்து, கூடவே மூக்கு ஒழுகல், தும்மல், இருமல், குரல் கம்முதல் ஆகியவையும் இருந்தால் அது பெரும்பாலும் சாதாரணச் சளித் தொற்றாக இருக்கும். வீட்டு மருந்தைத் தாராளமாகத் தொடங்கலாம்.

இருமலும் சளியும் இல்லாமல் திடீரென்று கடும் வலி தொடங்கி, காய்ச்சல் 101 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டி, தொண்டைச் சதைகள் வீங்கி, அவற்றின் மேல் வெள்ளைத் திட்டுகள் தெரிந்து, தாடைக்குக் கீழே நெறி கட்டித் தொட்டால் வலித்தால், அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் வேலையாக இருக்கக்கூடும். 5 முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இது அதிகம். இதற்குக் கஷாயம் போதாது. தொண்டையிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதித்தோ, பார்த்துத் தீர்மானித்தோ மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதித் தருவார். இந்தத் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் பின்னாளில் வாதக் காய்ச்சல் வந்து இதயத்தின் வால்வுகளைக் கெடுத்துவிடுகிறது. வலி தொடங்கிய ஒன்பது நாட்களுக்குள் மருந்தை ஆரம்பித்துவிட்டால் அதைத் தடுத்துவிடலாம். ஆகவே வலி தொடங்கிய தேதியை அன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள். எல்லாக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான்.

மூச்சு விடுவதில் சிரமம், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயில் வழிதல், வாயைத் திறக்க முடியாமை, ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலித்துக் குரல் மாறிப்போதல், தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல்போலப் படிந்திருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்று: காய்ச்சலும் சளியும் இல்லாமல், காலையில் எழும்போது மட்டும் தொண்டை எரிந்து, பகலில் சரியாகிவிடுகிறதென்றால், வயிற்றின் அமிலம் இரவில் மேலே ஏறிவருவது காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் மிளகும் சுக்கும் போட்ட கஷாயத்தைக் குடித்தால் எரிச்சல் கூடவே செய்யும்.

2. யாருக்கு ஆகாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

'நாட்டு மருந்துதானே, என்ன செய்துவிடும்' என்ற பேச்சை எல்லோரிடமும் கேட்பீர்கள். இந்தக் கஷாயத்தின் உயிர்நாடியான அதிமதுரத்தில் கிளைசிரைசின் என்னும் பொருள் இருக்கிறது. தொண்டைக்கு இதமான அந்த இனிப்பைத் தருவதும் அதுதான். உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்து, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றுவதும் அதுதான். எனவே இரத்த அழுத்தம் உள்ளவர்கள், இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் அதிமதுரத்தை விட்டுவிட வேண்டும். அவர்கள் மற்றச் சரக்குகளைக் கொண்டு கஷாயம் வைக்கலாமா என்பதையும் தங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் சுக்கையும் மஞ்சளையும் மருந்தளவில் எடுக்கும் முன் கட்டாயம் கேட்க வேண்டும். வயிற்றுப் புண் உள்ளவர்கள் மிளகையும் சுக்கையும் தவிர்க்கட்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பனங்கற்கண்டும் தேனும் சர்க்கரையேதான். 'பனை என்றால் ஒன்றும் செய்யாது' என்பதை நம்ப வேண்டாம், இனிப்பில்லாமலே குடிக்கலாம். அதிமதுரம் தன்னளவிலேயே இனிப்பானது.

இவர்கள் எல்லோருக்கும் பொருந்துவது அடுத்த படி.

3. அன்றைக்கே தொடங்க வேண்டியது: உப்பு நீர்

கடைக்குப் போவதற்கு முன்பே, இருக்கும் பொருளை வைத்து இதைத் தொடங்கிவிடலாம். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு டம்ளர், அதாவது சுமார் 200 மில்லி வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, ஏனென்றால் ஏற்கெனவே புண்பட்டிருக்கும் தொண்டையில் கொதிநீர் பட்டால் கொப்புளித்துப்போகும். ஒரு வாய் எடுத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டையில் நீர் நின்று களகளவென்று ஒலிக்கும்படி அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். டம்ளர் காலியாகும்வரை இப்படிச் செய்யவேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை போதும். படுக்கப்போகும் முன் ஒருமுறை அவசியம்.

உப்பை அள்ளிப் போட்டால் சீக்கிரம் சரியாகும் என்று நினைத்துவிடாதீர்கள். உப்பு கூடினால் தொண்டை இன்னும் உலர்ந்து எரியும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் விழுங்காமல் முழுவதையும் துப்பிவிட வேண்டும். கொப்பளிக்கத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டாம்.

4. சரக்கு வாங்குவது

புதுச்சேரியில் இருப்பவர்கள் பெரிய மார்க்கெட்டுக்குப் போவதே எளிது. மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் நாட்டு மருந்துக் கடைகள் இருக்கின்றன. பூக்கடைகளில் துளசியும் கிடைக்கும். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவிலும் முதுநகரிலும் தேடுங்கள். வெளியூரிலிருந்து புதுச்சேரிக்கு வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: இங்கே பல கடைகள் மதியம் ஒரு மணி வாக்கில் கதவைச் சாத்தினால் மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். வலியோடு வெயிலில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பாமல், காலையிலேயே போய்விடுங்கள்.

ஒருவருக்கு ஒரு பருவத்துக்குத் தேவையானவை: அதிமதுரம் 25 கிராம், சித்தரத்தை 25 கிராம், மிளகு 50 கிராம், சுக்கு 50 கிராம், விரலி மஞ்சள் 100 கிராம், பனங்கற்கண்டு 200 கிராம், சிறிய புட்டி தேன். விலை பருவத்துக்குப் பருவம் மாறும். தேனையும் பனங்கற்கண்டையும் சேர்த்தே 500 ரூபாய்க்குள் அடங்கும். சரக்குகள் மட்டும் என்றால் அதில் பாதிகூட ஆகாது. கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்கிக் குவிக்காதீர்கள். மழைக்காலத்தில் கடற்காற்றின் ஈரம் எல்லாவற்றிலும் இறங்கிப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் சரக்கின் பெயரையும் வாங்கிய தேதியையும் கடையிலேயே எழுதச் சொல்லுங்கள், அல்லது நீங்களே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து நான்கு பொட்டலங்களைப் பிரித்தால், பழக்கமில்லாத கண்ணுக்கு உலர்ந்த வேர்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ரசீது கேட்டு வாங்குங்கள். சரக்கு மாறியிருந்தால் திருப்பிக் கொடுக்கவும், பின்னால் ஒவ்வாமை ஏதும் வந்தால் என்ன சாப்பிட்டோம் என்று மருத்துவரிடம் காட்டவும் அந்த இரண்டு காகிதங்களே உங்களுக்குச் சான்று.

5. சரக்கைத் தரம் பார்ப்பது

எனக்கு அதிகம் அலைச்சல் கொடுத்ததும், புதிதாக வருபவர்கள் எளிதில் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். பொடியாக வாங்காதீர்கள் என்பது முதல் விதி. பொடித்த பிறகு எது எதில் கலந்திருக்கிறது என்பதை வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை. முழுச் சரக்கைக் கண்ணாலும் நாவாலும் சோதிக்கலாம்.

அதிமதுரக் குச்சியை ஒடித்துப் பாருங்கள். வெளித்தோல் பழுப்பாகச் சுருக்கம் விழுந்திருக்கும். உள்ளே நல்ல மஞ்சள் நிறத்தில் நார் நாராக இருக்கும். ஒடிக்கும்போது வெடுக்கென்று முறியாமல் நார் இழுத்துக்கொண்டு பிரியும். ஒரு சிறு துணுக்கை மென்றால் சற்று நேரத்திலேயே வாய் நிறைய இனிப்பு பரவி, துப்பிய பிறகும் வெகுநேரம் நிற்கும். ஒடித்த இடத்திலிருந்து மாவுபோல் உதிர்ந்தால், அல்லது தோலில் ஊசி குத்தியதுபோல் துளைகள் இருந்தால், வண்டு விழுந்த பழைய சரக்கு என்று வைத்துவிடுங்கள். அதிமதுரம் என்ற பெயரில் குன்றிமணிக் கொடியின் வேரை விற்பதும் உண்டு. அதிலும் லேசான இனிப்பு இருப்பதால் ருசியை மட்டும் நம்பாமல் உள்நிறத்தையும் நாரையும் பார்ப்பது அவசியம். குன்றிமணியின் விதை கொடிய நஞ்சு என்பதால் அந்தக் கொடியின் எந்தப் பகுதியையும் வீட்டு மருந்தில் சேர்க்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சித்தரத்தை கேட்டால் பேரரத்தையைக் கட்டிக் கொடுக்கும் கடைகள் உண்டு. எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் கிடைத்தது. சித்தரத்தை விரல் பருமனுக்கும் குறைவாக, செம்பழுப்பாக, கணுக்கணுவாக வளையங்களோடு, கல்போல் கெட்டியாக இருக்கும். கடித்தால் சுருக்கென்று உறைக்கும். பேரரத்தை அதைவிடப் பருத்தது, வெளிறியது, காரமும் மணமும் மட்டு. அது கெடுதல் செய்யாது என்றாலும் தொண்டைக் கமறலுக்கு நாம் தேடுகிற வேலையைச் சித்தரத்தை அளவுக்குச் செய்வதில்லை.

மிளகில் பப்பாளி விதை கலப்பது பழைய தந்திரம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி மிளகைப் போட்டால் நல்ல மிளகு அடியில் போய் நிற்கும். பப்பாளி விதையும் சொத்தை மிளகும் மேலே மிதக்கும். மிதப்பவற்றை எடுத்து எறிந்துவிடலாம்.

மஞ்சளுக்கு விரலி மஞ்சளை வாங்கி இடித்துச் சலித்துக்கொள்வதே மேல். பளபளவென்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும் மஞ்சள்பொடியில் ஈயம் கலந்த சாயம் சேர்க்கப்படும் ஆபத்து இருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கக்கூடியது. கைவசம் இருப்பது பொடி மட்டும்தான் என்றால், ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டு அசையாமல் வைத்துப் பாருங்கள். நல்ல மஞ்சள் அடியில் படிந்து தண்ணீர் இளமஞ்சளாக நிற்கும்; கலப்படமானால் தண்ணீர் முழுவதும் அடர்மஞ்சளாகிவிடும்.

பனங்கற்கண்டு மங்கலான பழுப்பு நிறத்தில், ஒழுங்கற்ற கட்டிகளாக இருக்கும். ஒரே அளவில், கண்ணாடிபோல் மின்னும் மஞ்சள் கற்கள் பெரும்பாலும் சாயமேற்றிய சீனிக் கற்கண்டு. விலை மிகவும் குறைவாகச் சொன்னால் அதுவே போதிய எச்சரிக்கை. கதர் அங்காடிகளில் விசாரித்துப் பாருங்கள்.

தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது போன்ற சோதனைகளை நம்பிப் பயனில்லை. இப்போது கலக்கப்படும் பாகுகள் அவற்றில் தேறிவிடுகின்றன. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, தயாரிப்பாளரின் முகவரி ஆகிய மூன்றும் சீட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தெருவில் வாளியில் கொண்டுவந்து விற்பதைத் தொண்டைக்கு மருந்தாக எடுக்க வேண்டாம்.

துளசியைத் தொட்டியிலிருந்து பறித்தாலும் கடையில் வாங்கினாலும் நன்றாக அலசுங்கள். பூச்சிமருந்து அடித்ததாக இருக்கலாம்.

6. கஷாயம் வைக்கும் முறை

இது ஒருவருக்கு ஒரு நாளைக்கான அளவு.

அதிமதுரம் 2 கிராம். தராசு இல்லாதவர்கள், வாங்கிய 25 கிராமைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்து ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாக இருக்கும். சித்தரத்தை, சுண்டுவிரலின் நுனி அளவு. சுக்கு, அரை அங்குலத் துண்டு. மிளகு ஆறு. துளசி இலை பத்து. தண்ணீர் 400 மில்லி, அதாவது இரண்டு டம்ளர்.

'சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு' என்பார்கள். சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். அதிமதுரத்தையும் சித்தரத்தையையும் தண்ணீரில் அலசி, துடைத்து, உரலிலோ கனமான துணிக்குள் வைத்துக் கல்லாலோ ஒன்றிரண்டாக நசுக்குங்கள். மாவாகத் தேவையில்லை, மாவானால் வடிகட்டும்போது கலங்கலாக இறங்கித் தொண்டையில் ஒட்டி உறுத்தும். மிளகையும் அப்படியே தட்டிக்கொள்ளலாம்.

எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி, துளசியைத் தவிர மற்றச் சரக்குகளைப் போட்டு, நேரம் இருந்தால் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு அடுப்பைச் சிறு தீயில் வைத்து, இரண்டு டம்ளர் ஒரு டம்ளராக வற்றும்வரை கொதிக்கவிடுங்கள். இதற்கு இருபது நிமிடங்களுக்குக் குறையாமல் ஆகும். பெருந்தீயில் வைத்தால் தண்ணீர் மட்டும் வற்றும், சரக்கின் சாரம் இறங்காது. நிறம் இளம்பழுப்பாகி, அதிமதுரத்தின் இனிப்பும் சுக்கின் காரமும் கலந்த வாசனை எழும். இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் துளசியைக் கிள்ளிப் போட்டு மூடிவிடுங்கள். முன்பே போட்டால் அதன் மணம் ஆவியோடு போய்விடும். விடுதி அறையில் மின்கெட்டில் மட்டுமே வைத்திருப்பவர்களால் இப்படி வற்றக் காய்ச்ச முடியாது. அவர்கள் நசுக்கிய சரக்கைக் கொதிநீரில் போட்டு மூடி, இருபது நிமிடம் கழித்து வடித்துக் குடிக்கலாம். வீரியம் குறைவு என்றாலும் இதம் கிடைக்கும்.

வடிகட்டிய ஒரு டம்ளரில் பாதியைக் காலையில் சிற்றுண்டிக்குப் பிறகும், மீதியை மாலையில் சூடாக்கியும் குடியுங்கள். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம். ஒரு தேக்கரண்டி பனங்கற்கண்டு சேர்க்கலாம். தேன் என்றால் வெதுவெதுப்புக்கு ஆறிய பிறகே விடுவது வழக்கம். ஒரே மடக்கில் விழுங்காமல், ஒவ்வொரு வாயையும் சற்று நேரம் தொண்டையில் நிறுத்திக் குடித்தால்தான் பலன். இரவு மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். மொத்தமாக வைத்து மூன்று நாளைக்குக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் குடிப்பது இந்த ஊரின் வெக்கையிலும் மின்தடையிலும் சரிப்படாது.

புதிதாகச் செய்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, கேள்விப்பட்ட எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போடுவது. திப்பிலி, ஆடாதோடை, தூதுவளை, கிராம்பு, ஓமம் என்று சேர்த்துக்கொண்டே போனால் காரம் ஏறி வயிறு எரியும். ஏதாவது ஒவ்வாமல் போனால் எதனால் என்றும் தெரியாது. ஐந்து சரக்குகள் போதும்.

7. இரவில் மஞ்சள் பால்

ஒரு சிறு டம்ளர் பாலில் கால் தேக்கரண்டி மஞ்சள்பொடியையும், தட்டிய மிளகு இரண்டையும் போட்டு நன்றாகக் கொதிக்கவைத்து, பனங்கற்கண்டு சேர்த்து, படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் குடியுங்கள். மிளகு சும்மா சேர்ப்பதில்லை. மஞ்சளிலுள்ள குர்குமினை உடல் ஏற்றுக்கொள்ள மிளகின் காரப்பொருளான பைப்பரின் உதவுகிறது. பால் குடித்தால் சளி கட்டுகிறது என்று உணர்பவர்கள் விட்டுவிடலாம்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு உதவும், தொண்டைக்கு அவ்வளவாக இல்லை. பிடிப்பதானால் பாத்திரத்தை மேசைமேல் அசையாமல் வைத்துப் பிடியுங்கள். மடியில் வைத்துப் பிடிக்கும்போது கவிழ்ந்து வெந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். பகலெல்லாம் வெந்நீர், மிளகு ரசம், குழைந்த கஞ்சி, இவைகளே உணவு. தண்ணீர் குறைந்தால் எந்தக் கஷாயமும் உதவாது.

8. குழந்தைகளுக்கு

ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு துளி தேனும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். நாக்கில் தேன் தடவும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தாலும், மரியாதையாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள்.

ஒரு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு, இரவில் அரை முதல் ஒரு தேக்கரண்டி தேனை வெதுவெதுப்பான நீரில் கொடுப்பதே இருமலுக்கும் கரகரப்புக்கும் எளிய மருந்து. மாடித் தொட்டிகளில் கற்பூரவல்லி வளர்க்கும் வீடுகள் இங்கே நிறைய உண்டு. அக்கம்பக்கத்தில் கேட்டால் இரண்டு இலை தராமல் இருக்க மாட்டார்கள். ஒரு இலையை அனலில் வாட்டிப் பிழிந்த சாற்றில் நான்கைந்து சொட்டுகளைத் தேனில் குழைத்து, ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்குக் கொடுக்கலாம். மேலே சொன்ன கஷாயம் பெரியவர்களுக்கானது. பிள்ளைகளுக்குச் சித்த மருத்துவரைக் கேட்காமல் அளவைப் பாதியாக்கிக் கொடுக்க வேண்டாம். சித்தரத்தைத் துண்டையோ கிராம்பையோ சிறு பிள்ளைகளின் வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வதும் ஆபத்து, மூச்சுக்குழலில் சிக்கிவிடும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

9. எத்தனை நாள்

கஷாயம் ஐந்து நாட்கள் மட்டுமே. இரண்டாம் மூன்றாம் நாளில் வலி உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கத் தொடங்குவதே வழக்கமான போக்கு. ஐந்தாம் நாள் முன்னைவிட நன்றாக இருந்தால் நிறுத்திவிட்டு உப்பு நீரை மட்டும் தொடருங்கள். ஐந்தாம் நாளிலும் அப்படியே இருந்தாலோ, இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் நின்றாலோ, தணிந்த வலி திரும்ப ஏறினாலோ மருத்துவரிடம் போங்கள். அப்படிப் போனால், முதல் படியில் சொன்ன ஒன்பது நாள் கணக்குக்குள்ளேயே இருப்பீர்கள். வலி போயும் குரல் கம்மல் மட்டும் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், குறிப்பாகப் புகைப்பழக்கம் உள்ளவர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

போன தடவை மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரை அலமாரியில் இருக்கிறதே என்று எடுத்துப் போடாதீர்கள். வைரஸுக்கு அது வேலை செய்யாது. பாக்டீரியா என்றாலோ இரண்டு மாத்திரை போதாது, மருத்துவர் சொன்ன நாள் முழுவதும் சாப்பிட வேண்டும்.

10. மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால்

சாதாரணத் தொண்டை வலிக்கு நேராக ஜிப்மருக்குப் போய் நீண்ட வரிசையில் நிற்கத் தேவையில்லை. உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் போங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் எழுதி அனுப்புவார்கள். புதுச்சேரியில் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையும், கடலூரில் மஞ்சக்குப்பத்திலுள்ள அரசு தலைமை மருத்துவமனையும் அடுத்த நிலை. சித்த மருத்துவரிடமே காட்ட விரும்புபவர்களுக்குக் குயவர்பாளையத்தில் சித்த மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கே போனாலும் புறநோயாளிச் சீட்டு வாங்கக் காலையிலேயே போய்விடுங்கள், ஞாயிற்றுக்கிழமையில் போகாதீர்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: ஆதார் அட்டை, பழைய மருத்துவச் சீட்டு இருந்தால் அது, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, வலி தொடங்கிய தேதியும் ஒவ்வொரு நாளின் காய்ச்சல் அளவும் எழுதிய தாள், சரக்குகளின் பெயர் எழுதிய பொட்டலங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் கூச்சப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். கஷாயம் குடித்தேன் என்று சொன்னால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேண்டாம். 'ஐயா, ஐந்து நாளாக அதிமதுரமும் சுக்கும் போட்டுக் குடித்தேன்' என்று பொட்டலத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அதற்கேற்ப இரத்த அழுத்தத்தைப் பார்த்து, ஒத்துப்போகும் மாத்திரையை அவர் எழுதித் தர முடியும்.